பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் தொடக்க காலம்: கேள்வி பதில்

கே: பாரிஸ் நடைபாதையில், போலீஸ்காரர் விரித்த மேலங்கியில் பிறந்தாராமே?

ப: 1915 டிசம்பர் 19, தெனோன் மருத்துவமனை. பிறப்புப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. பெல்வில் தெரு 72ஆம் எண் வாசலில், அங்கேதான் பிறந்தார் என்று சொல்லும் நினைவுப் பலகை இருப்பது உண்மைதான். பலகையில் பொறித்துவிட்டால் ஆதாரமாகிவிடாது. பியாஃப் தன்னைப் பற்றிச் சொன்னதை எப்போதும் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

கே: இரவு விடுதி நடத்திய லூயி லெப்லே அவரை எப்படிக் கண்டெடுத்தார்?

ப: 1935இல், த்ருவாயோன் தெருமுனையில் பாடிக்கொண்டிருந்தபோது. அப்போது அவருக்கு 19 வயது. ஷான்செலிசே பக்கம் லெப்லே நடத்திய ஜெர்னிஸ் காபரேயில் மேடை கிடைத்தது. முதல் நாளுக்குத் தானே பின்னிய கறுப்புக் கம்பளி உடை. அதில் ஒரு கை முடியாமலே நின்றுபோக, சால்வையால் மறைத்துக்கொண்டு பாடினாராம். இதுவும் அவர் வாய்மொழிதான், சலித்துக்கொள்ளுங்கள். ‘மோம் பியாஃப்’ (சிட்டுக்குருவிக் குட்டி) என்று பெயர் வைத்தவர் லெப்லே. அந்த ஆண்டு முடிவதற்குள் பாலிடோர் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டுப் பதிவும் ஆகிவிட்டது.

கே: அந்தக் கொலை வழக்கு?

ப: 1936 ஏப்ரலில் லெப்லே சுடப்பட்டார். போலீஸ் பியாஃபை விசாரித்து விட்டுவிட்டது. பத்திரிகைகள் விடவில்லை.

கே: நடைபாதையில் பிறந்தவர் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: லெப்லே இல்லையென்றால் பியாஃப் இல்லை. நீங்கள் எழுதும்போதெல்லாம் பாடலாசிரியர் ரெமோன் அஸ்ஸோவைத் தூக்கிப் பிடிப்பது ஏன்?

ப: லெப்லே கதவைத் திறந்தார், மறுக்கவில்லை. ஆனால் ஆறேழு மாதத்தில் அவர் போய்விட்டார். பியாஃபுக்கு மிஞ்சியது கெட்ட பெயர்தான். அங்கிருந்து தூக்கி நிறுத்தியவர் அஸ்ஸோ. பாரிஸின் இரவு விடுதிப் பகுதியான பிகாலின் பழைய கூட்டாளிகளை அண்டவிடாமல் விரட்டினார். வரியின் பொருள் தெரிந்து, சொல்லைத் தெளிவாக உச்சரித்துப் பாடும்வரை விடவில்லை. இசையமைப்பாளர் மர்கெரித் மொன்னோவின் மெட்டுகளுக்கு பியாஃபுக்கென்றே பாட்டு எழுதினார். 1937இல் பாரிஸின் ஏபிசி மியூசிக் ஹால் மேடையில் ஏற்றிவிட்டதும் அவரே.

கே: அப்படியானால் ‘மோன் லெஜியோனேர்’ பாட்டை முதலில் பதிவு செய்தது பாடகி மரி துபா தானே? அஸ்ஸோ பியாஃபுக்காக எழுதினார் என்பது பொய்யா?

ப: நல்ல அடி. துபாவின் பதிவு 1936, பியாஃபுடையது 1937. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். துபா நடித்துக் காட்டுகிறார். பியாஃபோ நடந்ததைச் சொல்வதுபோல் பாடுகிறார். அந்தப் பாடம்தான் அஸ்ஸோ. குரல் தெருவிலேயே இருந்தது ஐயா, கட்டுப்பாடு இல்லை.

கே: அஸ்ஸோ அவரை அடக்கி ஆண்டார் என்றும் சொல்லலாமே?

ப: சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 1939இல் அவர் போருக்கு அழைக்கப்பட்டதும் பியாஃப், நடிகர் போல் மெரிஸுடன் போய்விட்டார்.

கே: நடிகையாக எப்படி?

ப: 1936இல் ‘லா கார்சோன்’ படத்தில் ஒரு பாட்டு. பெரிய விஷயமில்லை. நிஜ நடிப்பு 1940இல், எழுத்தாளர் ழான் கொக்தோ அவருக்காக எழுதிய ‘லெ பெல் எந்திஃபெரான்’ நாடகத்தில். ஹோட்டல் அறையில் ஒரு பெண் கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், பொறாமையில் வேகிறாள். காதலன் செய்தித்தாளை விரித்துக்கொண்டு வாயே திறப்பதில்லை. அந்த ஊமை வேடத்தில் மெரிஸ்! அடுத்த ஆண்டு ‘மோன்மார்த்ர் சூர் சேன்’ படம்.

கே: ‘லா வி ஆன் ரோஸ்’ பாட்டு பற்றி?

ப: அது போர் முடிந்த பிறகு. இங்கே வேண்டாம்.

கே: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ப: 1936, 37 பாலிடோர் பதிவுகளில். கரகரப்பு இருக்கும். அதை நீக்கி மெருகேற்றிய தொகுப்புகளில் குரலின் ஓரத்தையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள், வாங்காதீர்கள்.