சுவரில் துளையிடாமல் கண்ணாடிச் சட்டமிட்ட படங்களை வீட்டில் தொங்கவிடுவது எப்படி?

வாடகை வீட்டுக்குக் குடிவந்திருப்பதாகவும், ஆணி அடிக்கவோ துளையிடவோ வீட்டுக்காரர் விடவில்லை என்றும், கையில் ஏழெட்டுப் படங்கள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்படியொரு பழைய வீட்டில்தான் குடியிருக்கிறேன். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். திறப்பு என் கைக்கு வந்த அன்று அவர் தொலைபேசியில் சொன்ன ஒரே நிபந்தனை, "சுவரிலை மட்டும் கை வையாதேங்கோ" என்பதுதான். எந்தப் பசை நல்லது என்ற கேள்விக்குப் போகுமுன், உங்கள் சுவர் எத்தகையது என்பதைப் பாருங்கள். ஒட்டும் பட்டி எதுவும் சுவரைப் பிடிப்பதில்லை. சுவரின் மேலுள்ள பூச்சைத்தான் பிடிக்கிறது. அந்தப் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதை நான் அறிந்துகொண்டது அப்பாவின் படம் விழுந்த இரவில். போரால் யாழ்ப்பாண மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது சட்டத்தையும் கண்ணாடியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, படத்தை மட்டும் கழற்றி, இரண்டு சேலைகளுக்கு நடுவே மடியாமல் வைத்து அம்மா சாவகச்சேரி வரை கொண்டுபோன படம் அது. பிற்காலத்தில் 12க்கு 18 அங்குலத் தேக்குச் சட்டம் போட்டோம். இந்த வீட்டுக்கு வந்ததும், பஞ்சு போன்ற இரட்டைப்பக்க ரேப்பில் நான்கு துண்டு வெட்டி அதை விறாந்தைச் சுவரில் ஒட்டினேன். ஆனி, ஆடி எல்லாம் அசையாமல் இருந்தது. கார்த்திகையில் தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்த பின், விடியப்புறம் மூன்று மணிக்குக் கீழே வந்தது. கண்ணாடி நொறுங்கியது, படத்துக்கு நல்லகாலமாக ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தைத் திருப்பிப் பார்த்தபோது நான்கு ரேப் துண்டுகளும் மரத்தில் உறுதியாகவே ஒட்டியிருந்தன. அவற்றின் மறுபக்கத்தில் சுவரின் வெள்ளைத் தோல் அதே அளவில் உரிந்து வந்திருந்தது. வெள்ளைக்குக் கீழே ஒரு நீலம், நீலத்துக்குக் கீழே மறுபடியும் வெள்ளை. பசை தோற்கவில்லை, ஆண்டுக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த சுண்ணாம்பு தோற்றிருக்கிறது. அம்மா விளக்குமாற்றை எடுத்து வந்து, "உந்தப் பசையை நம்பியே கொப்பரைத் தொங்கவிட்டனி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொப்பர் என்றால் எங்கள் பேச்சில் உன் அப்பா.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. அவை மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும். ஈரத்தோடு உப்பும் மேலே வந்து பூக்கும். அத்தகைய சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பட்டியை ஒட்டினாலும் முடிவு ஒன்றுதான். உங்கள் சுவரைச் சோதிக்க ஒரு கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளைத் தூள் படிந்தால் பசையை மறந்துவிடலாம். தூள் வராவிட்டால், சாதாரண ரேப்பை ஒரு சாண் நீளத்துக்கு மூலையொன்றில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ற் கையோடு வராத சுவரே ஒட்டுவதற்குத் தகுந்த சுவர்.

புதிய சீமெந்து வீட்டில், வழவழப்பான எமல்சன் பூச்சுள்ள சுவர் உங்களுக்கு வாய்த்திருந்தால் ஒட்டும் பட்டி தாராளமாக உதவும். இழுத்தால் நீண்டு கழன்றுவரும் வகையையே வாங்குங்கள். கமாண்ட் என்ற பெயரில் விற்கும் படப் பட்டிகளில், பெரிய அளவில் நான்கு சோடிக்கு 7.2 கிலோ என்று குறித்திருப்பார்கள். அதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். படத்தின் நிறையில் பெரும்பங்கு கண்ணாடியுடையது: 2 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 5 கிலோ, ஆகவே 12க்கு 18 அங்குலப் படத்தில் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 700 கிராம். அப்பாவின் படம் சட்டத்தோடும் பின்பலகையோடும் சமையலறைத் தராசில் ஒன்றேமுக்கால் கிலோ காட்டியது. கண்ணாடிக்குப் பதிலாகப் பேர்ஸ்பெக்ஸ் என்ற தெளிந்த பிளாஸ்ரிக் தகடு போட்டால் அந்தப் பகுதியின் நிறை பாதிக்கும் கீழே வந்துவிடும், ஆனால் உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும்.

ஒட்டும் இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவாமல் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட வேண்டும். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டும். சோடியில் ஒரு பட்டி சட்டத்திலும் மற்றது சுவரிலும் ஒட்டும், இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். படத்தைச் சுவரில் வைத்து 30 விநாடி அழுத்தி, பிறகு படத்தை மட்டும் கழற்றி, சுவரில் நிற்கும் பட்டிகளை மீண்டும் 30 விநாடி அழுத்தி, ஒரு மணித்தியாலம் சென்ற பின்னரே படத்தை மாட்ட வேண்டும். இந்த ஒரு மணித்தியாலத்தைப் பொறுக்காதவர்கள்தான் பிறகு பட்டியைக் குறை சொல்கிறார்கள். கழற்றும்போது பட்டியின் கீழ்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுவரோடு சேர்த்து நேர் கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். உங்களை நோக்கி இழுத்தால் பெயின்றும் வந்துவிடும். வால் இல்லாத ரேப் என்றால், மீன் பிடிக்கும் தங்கூசியைச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்டு வாள் அறுப்பதுபோல் இழுத்தால் அறுந்துவிடும். கட்டில் தலைமாட்டுக்கு மேலே மட்டும் எதையும் ஒட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரியவர்களின் படங்களை உயரத்தில் மாட்டி, முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைக்கும் வழக்கம் உண்டு. கீழே நிற்பவர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும், கண்ணாடியும் கூசாது. அந்தச் சாய்வுக்கும் பசைக்கும் ஒத்துவராது. நேர் கீழாக இழுக்கும் பாரத்தைப் பசை நன்றாகத் தாங்கும். சாய்ந்த படமோ மேல்விளிம்பை வெளிப்புறமாக உரிக்கப் பார்க்கும். உரித்தால் எந்தப் பசையும் இலகுவில் விட்டுக்கொடுக்கும்.

ஆகவே பழைய வீடென்றால் சுவரை விட்டு மரத்தைப் பாருங்கள். எங்கள் விறாந்தையில் சுவருக்கு ஒரு சாண் முன்னால், தூணுக்குத் தூண் மரவளை, அதாவது கூரையைத் தாங்கும் குறுக்கு மரம், ஓடுகிறது. அதைச் சுற்றி இரண்டு கம்பி வளையங்களைக் கோத்து, மரம் தேயாமல் இருக்கச் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து, அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய முறுக்குக் கம்பிகளை நேராக இறக்கியிருக்கிறேன். முதலில் தங்கூசியில்தான் தொங்கவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை, ஆனால் நைலோன் பாரத்தில் நாளடைவில் நீள்கிறது, முடிச்சும் வழுக்குகிறது.

கம்பிகள் இரண்டாகவும் நேராகவும் இருப்பதில் ஒரு கணக்கு உண்டு. சட்டத்தின் பின்னால் குறுக்கே ஒரே கம்பியைக் கட்டி நடுவில் தொங்கவிட்டால், அது கிடையோடு 30 பாகை சரிவில் இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழுநிறையையும் தாங்க நேரும். இறுக்கிக் கட்டிச் சரிவை 10 பாகைக்குக் குறைத்தால் அந்த இழுவை ஏறத்தாழ மூன்று மடங்காகும். நேராக இறங்கும் இரு கம்பிகளில் பாதிப் பாதிதான். சட்டத்தின் பின்புறத்தில் வளையமுள்ள சிறு திருகாணிகளை மேல்விளிம்புக்கு அருகில் போட்டால் படம் நிமிர்ந்து நிற்கும். சற்றுக் கீழே இறக்கிப் போட்டால் பழைய சாய்வு தானாகவே வரும்.

மற்றவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய படங்களை அலுமாரியின் மேலோ புத்தகத் தட்டிலோ சாய்த்து வைக்கலாம், அடிவிளிம்பு வழுக்காதிருக்க ரியூப் துண்டு போதும். யன்னல் கிறிலில் கொழுக்கி மாட்டித் தொங்கவிடுவோர் உண்டு. வெயிலும் சாரலும் படத்தைக் கெடுக்கும் என்பதால் நான் அதற்கு எதிரானவன். முன்பு குடியிருந்தவர்கள் அடித்துவிட்டுப்போன ஆணிகளையும் தேடிப் பாருங்கள். சுவரில் கை வைக்கக் கூடாத எங்கள் வீட்டில் பதினொன்று இருந்தன. அவற்றில் ஆடாத இரண்டில் ஒரு மரச் சிலாகையை மாட்டி, அதிலே நான்கு சிறிய படங்களை வைத்திருக்கிறேன். உரிமையாளரிடமும் சொல்லிவிட்டேன், அவர் சிரித்தார்.

அப்பாவின் படம் வளையிலிருந்து தொங்கத் தொடங்கி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் பூமாலை மாற்றுமுன் இரு கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்கிறார். மாலையைச் சட்டத்தின் மூலைகளில் போடாமல் கம்பிகளிலேயே கொழுவச் சொல்லியிருக்கிறேன், ஈரப்பூவின் தண்ணீர் சட்டத்துக்குப் பின்னால் இறங்கினால் பின்பலகை ஊதிவிடும்.