ஜூன் வெயிலில் டூசானா? அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு

கேள்வி: அரிசோனாவில் சாண்ட்லர் நகரில் வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. ஜூன் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைக்கிறது. கிராண்ட் கேன்யனைப் போன தடவையே பார்த்துவிட்டார்கள். டூசான் போகலாம் என்று சொன்னால், "இந்த வெயிலில் கள்ளிச்செடியைப் பார்க்கவா போகிறாய்?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. இரண்டு பேரும் சைவம். போகலாமா? போனால் என்ன பார்க்கலாம்?

பதில்: தாராளமாகப் போகலாம். கள்ளியைப் பார்க்கத்தான் போகிறீர்கள், அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வெயில் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஜூன் கடைசியில் டூசானில் பிற்பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அந்த நாட்களில் காலை ஐந்தேகாலுக்கே சூரியன் வந்துவிடும், மறைய ஏழரை ஆகும். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரையும், மாலை ஏழுக்கு மேலும் ஊர் உங்களுடையது. நடுவில் இருக்கும் நேரத்துக்கு ஏசி, தூக்கம் அல்லது மலை. அதனால் முதலில் இடங்களை எழுதிவிட்டு நேரத்தைத் தேடாதீர்கள், நேரத்தைப் பிரித்துவிட்டு இடத்தை நிரப்புங்கள். டூசானில் நான் பல வருடமாக இருக்கிறேன். வந்த விருந்தாளிகளில் சோர்ந்து படுத்தவர்கள் எல்லோரும் பதினொரு மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பியவர்கள்தான்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. மதுரை வெயிலில் சட்டை நனைந்தால்தான் அப்பாவுக்கு வெயில். இங்கே ஜூனில் காற்று அவ்வளவு வறண்டிருக்கும். வேர்வை வந்த நொடியே காய்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே, தண்ணி எதுக்கு?" என்பார். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தரம் நீங்களே பாட்டிலை நீட்டுங்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் உள்ளே போக வேண்டும். ஒரு பிளாஸ்க் மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், ஒரு துண்டு நார்த்தங்காய் போதும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால், உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த மாத்திரைகளில் சில நீரைப் பிரித்து வெளியேற்றுபவை.

சரி, முதல் காலை. நகரத்தின் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு துண்டாக இருக்கிறது சவாரோ தேசியப் பூங்கா. உங்களுக்குக் கிழக்குப் பகுதிதான் வசதி. அங்கே கள்ளிக் காட்டுக்குள் எட்டு மைல் சுற்றி வரும் தார்ச்சாலை இருக்கிறது. காரிலேயே சுற்றலாம், நினைத்த இடத்தில் ஓரமாக நிறுத்தி இறங்கலாம், அப்பாவின் முழங்காலுக்கு வேலையே இல்லை. விடியும்போது உள்ளே இருங்கள்.

இறங்கி ஒரே ஒரு சவாரோ கள்ளியின் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்டு முழுக்க மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியும், காய்ந்தால் சுருங்கும். ஜூனில் நன்றாகச் சுருங்கியிருக்கும், மடிப்பெல்லாம் ஆழமாகத் தெரியும். தண்டில் அங்கங்கே வட்ட ஓட்டைகள் இருக்கும், மரங்கொத்தி குடைந்தவை. குடைந்த இடத்தைச் சுற்றிக் கள்ளி தானே காய்ப்புப் பிடித்து, கட்டைபோல் கெட்டியான ஒரு கிண்ணம் செய்துகொள்ளும். மரங்கொத்தி காலி செய்த வீட்டில் பிறகு குட்டி ஆந்தை குடியேறும். முதல் எட்டு வருடத்தில் செடி வளர்வது ஓரிரு அங்குலம். முதல் கை விட ஐம்பதிலிருந்து எழுபது வருடம் ஆகும். உங்கள் அப்பா வயதுக் கள்ளி இப்போதுதான் ஒரு கையை நீட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

உச்சியில் சிவப்பாகத் தெரிவதைப் பூ என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைப் பூவின் பருவம் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஜூன் கடைசியில் தெரிவது வெடித்துப் பிளந்த பழம். உள்ளே ரத்தச் சிவப்புச் சதையும் கறுப்பு விதைகளும். புறாக்கள் வரிசையாக வந்து கொத்திக்கொண்டிருக்கும். இந்த நிலத்தின் மூத்த குடிகளான டொஹோனோ ஓதாம் மக்கள் செத்த சவாரோவின் உள்ளே விலா எலும்புபோல் இருக்கும் கழிகளை ஒன்றோடொன்று கட்டி நீளத் துரட்டி செய்து இந்தப் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சுவார்கள். அவர்களுக்குப் புத்தாண்டு அப்போதுதான். குளிர்காலத்தில் வரும் கூட்டத்துக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

ஒரு தாவரவியல் குசும்பு: நம் ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் சவாரோவுக்குச் சொந்தமே இல்லை. கிள்ளினால் பால் வரும் வேறு குடும்பம் அது. இரண்டும் வறட்சியைச் சமாளிக்கத் தனித்தனியாக ஒரே உடம்பைக் கண்டுபிடித்துக்கொண்டவை. சப்பாத்திக்கள்ளி மட்டும் இங்கிருந்து நமக்கு வந்தது. அம்மாவுக்கு வழியெல்லாம் அடையாளம் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று. வெள்ளை ரோமம் போர்த்த பொம்மை மாதிரி ஒரு கள்ளி நிற்கும், பெயர் சோய்யா. உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும். கொக்கி முள், கையால் பிடுங்கினால் கையிலும் ஏறிவிடும். என் அத்தையின் சேலைத் தலைப்பில் ஒன்று தொற்றி, அதை எடுக்கப்போய் மூன்று பேர் விரலில் ஏற்றிக்கொண்டோம். பல் அகலமான சீப்பு ஒன்று பையில் இருக்கட்டும். முள்ளுக்கும் துணிக்கும் நடுவே சீப்பை விட்டு ஒரு உதறு உதறினால் பறந்துவிடும்.

பத்து மணிக்கு மேல் பீமா விமான அருங்காட்சியகம். ஏறக்குறைய 400 விமானங்கள். வெளியில் நிற்பவற்றை விட்டுவிட்டு ஏசி கொட்டகைகளை மட்டும் பாருங்கள், ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறந்த எஸ்ஆர்-71 உளவு விமானமும் உள்ளேதான் இருக்கிறது. பக்கத்து ராணுவத் தளத்தில் ஓய்வுபெற்ற விமானங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும். காற்று வறண்டதால் துருப்பிடிக்காது, மண் கல்லாக இறுகியதால் காங்கிரீட் போடாமலே சக்கரம் புதையாது. மூட்டுவலி இருப்பதால் டைட்டன் ஏவுகணை நிலையத்தையும் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூட ஆய்வகத்தையும் இந்தத் தடவை விட்டுவிடலாம், இரண்டிலும் படிகள் அதிகம்.

அன்றைக்கு மாலை காசு செலவில்லாத ஒரு காட்சி. கேம்பல் அவென்யூ, ரில்லிட்டோ ஆற்றைக் கடக்கும் இடத்துக்குச் சூரியன் மறையும்போது போய்விடுங்கள். ஆறு என்றுதான் பெயர், ஜூனில் வெறும் மணல். வைகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது. பாலத்தின் அடியிடுக்குகளில் பகலெல்லாம் தொங்கும் வௌவால்கள் இருட்டத் தொடங்கும்போது புகை மாதிரி கிளம்பும், ஆயிரக்கணக்கில். பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள், யாரையும் ஒன்றும் செய்யாது. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோனால் அப்பா ராஜா.

இரண்டாம் நாள் மவுண்ட் லெமன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற அதே அனுபவம், ஒரு மணி நேரத்தில். அடிவாரத்திலிருந்து 27 மைல் சாலை, கள்ளியில் தொடங்கி ஓக் மரம் வந்து, பைன் காட்டில் முடியும். மேலே நகரத்தைவிட 15 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைவாக இருக்கலாம். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் விண்டி பாயின்ட் என்ற பாறை முனையில் நிறுத்துங்கள், சம்மர்ஹேவனில் மதியம் சாப்பிடுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். ஜூன் காட்டுத்தீயின் பருவமும்கூட, 2020-ல் இந்த மலைத்தொடர் வாரக்கணக்கில் எரிந்தது. கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சனி ஞாயிறு வேண்டாம், ஊரே மேலே இருக்கும்.

மூன்றாம் நாள் அதிகாலை சோனோரா பாலைவன அருங்காட்சியகம். பெயரில்தான் அருங்காட்சியகம், பெரும்பகுதி திறந்தவெளி, மிருகக்காட்சி சாலையும் தோட்டமும் சேர்ந்தது. 1952-லிருந்து நடக்கிறது. கோடையில் சீக்கிரமே திறப்பார்கள், திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் தேன்சிட்டு அளவிலான ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட்) இருக்கும் கூண்டுக்குள் போய் பெஞ்சில் உட்காருங்கள். காதோரம் ரீங்காரம் கேட்கும், முகத்துக்கு முன் அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

அங்கிருந்து தெற்கே சான் சேவியர் மிஷன் தேவாலயம். 1783-லிருந்து 1797 வரை கட்டியது, டொஹோனோ ஓதாம் நிலத்தில் இன்றும் பூசை நடக்கிறது. பாலைவனத்தின் நடுவே சுண்ணாம்பு வெள்ளை. இரண்டு கோபுரத்தில் ஒன்று முடிக்கப்படாமலே நிற்கிறது. தடித்த சுவர், உள்ளே இதமாக இருக்கும். கட்டணம் இல்லை.

சாப்பாடு. 2015-ல் யுனெஸ்கோ உணவு நகரம் என்று அமெரிக்காவில் முதன்முதலாகப் பட்டம் கொடுத்தது டூசானுக்குத்தான். ஆனால் சைவர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இங்கத்திய மெக்சிகன் சாப்பாட்டில் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள், ரொட்டியிலும் கொழுப்பு இருக்கலாம். "சின் மான்டேகா?" என்று ஸ்பானிஷில் கேளுங்கள், கொழுப்பில்லாமலா என்று அர்த்தம். சோனோரா ரொட்டியைக் கையாலேயே விசிறி மெலிதாக்குவதைப் பார்த்தால் மதுரைக்காரருக்கு வீச்சு பரோட்டா நினைவு வரும். மாம்பழமும் மிளகாய்த்தூளும் போட்ட ரஸ்பாடோ ஐஸ் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

ஜூன் கடைசியில் முதல் மழையும் எட்டிப் பார்க்கலாம். இங்கேயும் அதற்கு மான்சூன் என்றுதான் பெயர். சாலையில் தண்ணீர் ஓடினால், தடுப்பு வைத்திருந்தால், வண்டியை விடாதீர்கள். தடுப்பைத் தாண்டிப்போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்க இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் முட்டாள் ஓட்டுநர் சட்டம். இன்னும் தெற்கே டுபாக் வரை போனால், திரும்பும்போது எல்லைக் காவல் சோதனைச் சாவடி வரும். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட் ஹோட்டலில் அல்ல, அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.

வீடு திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றினால் மரிகோபாவில் மகா கணபதி கோயில் இருக்கிறது. நடை திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, டூசானிலிருந்து அதற்கேற்பக் கிளம்புங்கள்.