பீட்ரூட், கீரை, பிரஷர்: வயதானவர்களின் இதயமும் நைட்ரேட்டும் – கேள்வி பதில்

உணவில் இருக்கும் நைட்ரேட் என்ற உப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு ஓர் உணவியல் நிபுணராக என் பதில்கள். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியில் நைட்ரேட் இருக்கிறது, புற்றுநோய் வரும் என்கிறார்கள். அதே நைட்ரேட் பீட்ரூட்டில் இருந்தால் மட்டும் இதயத்துக்கு நல்லதாகிவிடுமா மேடம்?

நியாயமான சந்தேகம். இறைச்சி கெடாமல் இருக்கப் பெரும்பாலும் சேர்ப்பது நைட்ரேட் அல்ல, அதற்கு நெருங்கிய உறவான நைட்ரைட். அது இறைச்சியின் புரதத்தோடு வினைபுரிந்து, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய நைட்ரோசமைன் ஆகலாம், அதிக சூட்டில் வறுத்தால் இன்னும் கூடுதலாக. 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்தது. காய்கறியில் வைட்டமின் சி, பாலிபீனால் எல்லாம் கூடவே வருவதால் அந்த மாற்றம் தடைபடுகிறது. நாம் சாப்பிடும் நைட்ரேட்டில் பெரும்பகுதி காய்கறியிலிருந்துதான் வருகிறது, அதனால் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது? வயதானவர்களுக்கு ஏன் முக்கியம்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும். ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கிறது, அதுதான் குழாயைத் தளர்த்தி விரியச் சொல்லும் செய்தி. (இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது.) வயதாக ஆக அந்தச் சுவர் முன்போலச் சுரப்பதில்லை, குழாய் விறைக்கிறது, பிரஷரின் மேல் எண் ஏறுகிறது. நைட்ரேட் இதற்கு ஒரு மாற்று வழி. கீரை சாப்பிட்டதும் நைட்ரேட் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது, அதில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே கொண்டுவருகின்றன, நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, நாம் விழுங்குகிறோம், அப்புறம் வயிற்றிலும் ரத்தத்திலும் அது நைட்ரிக் ஆக்ஸைடு ஆகிறது. ஆக, இந்த வேலையில் நம் உடம்பு செய்ய முடியாத பகுதியை நாக்கில் இருக்கும் கிருமிகள்தான் செய்து தருகின்றன!

கேள்வி: அப்படியென்றால் மௌத்வாஷ்?

கிருமிநாசினி மௌத்வாஷை, முக்கியமாக குளோர்ஹெக்ஸிடின் கலந்ததை, தினமும் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்களும் போய்விடும், நைட்ரைட் குறையும். பல் மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதை முடியுங்கள். வாய் மணக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வருடக்கணக்கில் வேண்டாம், பல் துலக்கினால் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் பீட்ரூட் ஜூஸ் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நிறுத்தக் கூடாது. லண்டனில் நடந்து 2015ல் வெளியான ஒரு சோதனையில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 4 வாரம் தினமும் 250 மில்லி பீட்ரூட் ஜூஸ் குடித்தார்கள். மேல் எண் ஏறக்குறைய 8 புள்ளி இறங்கியது. நைட்ரேட்டை நீக்கிய ஜூஸைக் குடித்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குடிப்பதை நிறுத்திய 2 வாரத்தில் பிரஷர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. எல்லாச் சோதனைகளிலும் இவ்வளவு இறங்கவும் இல்லை. மாத்திரையோடு சேர்த்து அப்பா ஜூஸும் குடிக்க விரும்பினால் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள், எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சரி, எவ்வளவு சாப்பிடலாம்? பவுடர், மாத்திரை எல்லாம் விற்கிறார்களே?

பவுடருக்குக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் 50,000க்கும் மேற்பட்டவர்களை 20 வருடங்களுக்கு மேல் கவனித்த ஆய்வில், காய்கறியிலிருந்து நாளுக்கு சுமார் 60 மில்லிகிராம் நைட்ரேட் கிடைத்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது, அதற்கு மேல் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. கீரை சாப்பிடுபவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பவர்களாக இருக்கலாம், அதனால் இது நிரூபணம் ஆகாது. ஆனால் அந்த 60 மில்லிகிராம் ஒரு கப் கீரையிலேயே வந்துவிடும். பசலை, லெட்யூஸ், செலரி, பீட்ரூட், முள்ளங்கி, எது பிடிக்குமோ அது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பாதுகாப்பான தினசரி அளவு என்று சொல்லப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம், 60 கிலோ எடைக்கு 222. ஒரு பெரிய டம்ளர் ஜூஸ் இதைச் சுலபமாகத் தாண்டும்.

கேள்வி: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் நைட்ரேட்தானே, கீரை சாப்பிட்டால் அது தேவைப்படாதா?

அது நைட்ரோகிளிசரின், வேறு மருந்து, நிமிடங்களில் வேலை செய்யும். காய்கறியின் பலன் தெரியவே 2, 3 மணி நேரம் ஆகும். வலி வரும்போது மாத்திரைதான்.

கேள்வி: அம்மாவுக்கு சிறுநீரகக் கல் உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

இரண்டுக்கும் கவனம் வேண்டும். பீட்ரூட்டிலும் பசலையிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம், கல் வந்தவர்களுக்கு ஏற்றதல்ல. வார்ஃபரினுக்கு கீரையின் வைட்டமின் கே எதிரி, மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையையே விட வேண்டியதில்லை, திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இவற்றில் இருக்கும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது.

சிலருக்கு அப்படித்தான், பீட்ரூட்டின் நிறமி. பீட்ரூட்டை விட்டு 2 நாள் ஆகியும் சிவப்பு இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.