மருமகளின் சோயாவும் மாமியாரின் ஜாடியும்

கேள்வி: என் கணவருக்கு 63 வயது, எடை 60 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் இன்னும் இல்லை. சென்ற வார ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.6. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பிலிப்பைன்ஸ் பெண்ணைத் திருமணம் செய்திருக்கிறான். இப்போது எங்களோடு இருக்கும் அவள் வினிகரும் சோயா சாஸும் ஊற்றி வேகவைக்கும் கோழி அடோபோவும், சினிகாங் என்ற புளிச்சாறும் வைக்கிறாள். இவர் விரும்பிச் சாப்பிடுகிறார். நிறுத்தச் சொல்லலாமா? நான் சோடியம் குறைந்த உப்புதான் வாங்குகிறேன்.
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, முதலில் அந்த உப்பை அடுப்படியிலிருந்து அகற்றுங்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ரிப்போர்ட்டை நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

அடோபோ இருக்கட்டும். வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை எதிலும் வம்பில்லை. சோயா சாஸில்தான் வில்லங்கம்: ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். நாள் முழுவதற்குமே 2000க்குள் நிற்க வேண்டும். சோயா இல்லாத வெள்ளை அடோபோ அவர்கள் நாட்டிலேயே உண்டு. 'அடோபோங் புத்தி' என்று கேளுங்கள், மருமகளுக்குப் புரியும். மீன் சாஸும் வேண்டாம். ஒரு சிட்டிகை சாதாரண உப்பு, தட்டிய மிளகு போதும்.

சினிகாங்கை அரிசி கழுநீரில் கொதிக்க வைப்பது அவர்கள் வழக்கம். நம் செட்டிநாட்டுக் குழம்பான வெண்டைக்காய் மண்டிக்கும் அதே கழுநீர்தானே! இதை முதலில் கேள்விப்பட்டபோது, தேவகோட்டையில் பிறந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுநீரில் குற்றமில்லை. புளியிலும் கீரையிலும் சேப்பங்கிழங்கிலும் பொட்டாசியம் அதிகம். புளிக்குப் பதில், இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு. கிழங்கும் கீரையும் வேண்டாம். முள்ளங்கி, கத்தரிக்காயை மெல்லியதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சேர்க்கட்டும். பாக்கெட் சினிகாங் பொடி உப்பு மூட்டை, வாங்காதீர்கள். அங்கே புளிப்புக்குப் பிலிம்பிக்காயும் போடுவார்கள். யார் வீட்டுக் கொல்லையில் காய்த்தாலும் இவருக்கு அது கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆக்சலேட் அதில் மிகுதி.

சோயாவைப் பற்றிக் கேட்டீர்கள். மோர் மிளகாய், மாவடு, கருவாடு, அப்பளம் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! பள்ளத்தூரில் ஊறுகாய் ஜாடி இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. மருமகளின் பாட்டிலை மூடும் அன்றே அந்த ஜாடியையும் பரணில் ஏற்றுங்கள்.

கோழி ஒரு வேளைக்கு இரண்டு சிறு துண்டுகள். இவர் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 48 கிராம் புரதம் போதும். பருப்பு, பால், முட்டை எல்லாம் அந்தக் கணக்கில்தான். டயாலிசிஸ் தொடங்கினால் புரதத்தைக் கூட்ட வேண்டிவரும். அப்போது மறுபடி எழுதுங்கள்.