வாசகர் கேள்வி: மெக்சிக்கோவில் ஒரு ஞாயிற்றுச் சந்தை

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் வருகிற தை மாதம் என்னை மெக்சிக்கோவுக்குக் கூட்டிப் போகிறாள். புவேர்த்தோ வயார்த்தாவில் தங்குகிறோம். பக்கத்தில் லா குரூஸ் என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடுமாம். அங்கே எதைப் பார்க்கலாம், எதைச் சாப்பிடலாம்?
- வாசகி, அளம்பில்

பதில்: அக்கா, கட்டாயம் போங்கள். ஊரின் முழுப்பெயர் லா குரூஸ் தே வனகாக்ஸ்த்லே. குரூஸ் என்றால் சிலுவை, வனகாக்ஸ்த்லே நம் வாகைக்கு உறவான ஒரு பெருமரம். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரை, படகுத்துறை ஓரமாகச் சந்தை நடக்கும்.

ஆனால் 10 மணிவரை காத்திருக்க வேண்டாம். முதலில் அதே துறையில் இருக்கும் மீன் சந்தைக்குப் போங்கள். மீன் வந்து இறங்குவது நம்முடைய பைபர் படகு மாதிரியே இயந்திரம் பூட்டிய திறந்த படகுகளில்தான், 'பங்கா' என்பார்கள். பலகையில் பளபளக்கும் சிவப்பு மீன் வச்சினாங்கோ. பார்த்ததும் நம் விளைமீன் ஞாபகம் வரும். நான் போனபோது அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சாப்பாட்டுக்குச் சுட்ட மீன், 'சரண்டியாதோ'. கருவாட்டுக்குக் கீறுவதுபோல் பிளந்து விரித்து, மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் தடவி விறகுத் தணலில் வாட்டுவார்கள். லா குரூஸ் இருக்கும் நயாரித் மாநிலத்துக்கே பேர்போன பதார்த்தம். கூட வரும் சோள ரொட்டியைக் கவனியுங்கள், சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்து அரைத்த மா, அதன் வாசமே தனி. உறைப்பும் நமக்குப் புதிதில்லை, மிளகாய், தக்காளி, பப்பாசி எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதானே. செவிச்சே மட்டும் யோசித்துச் சாப்பிடுங்கள்: பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைப்பது, மீன் வெளுத்தாலும் அவிந்ததாகாது, கிருமி சாகாது. வயிறு இலேசாகக் குழம்புகிறவர் என்றால் விடுங்கள்.

சாமான் வாங்குவதென்றால் விச்சாரிக்கா மக்களின் மணிவேலை. மலைநாட்டுப் பழங்குடிகள் அவர்கள். மரத்தில் தேன்மெழுகு பூசி, கடுகளவு கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மானும் சோளக்கதிரும் வரைகிறார்கள். செய்தவரிடமே வாங்குங்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

அப்புறம், சில்லறைப் பெசோ கையில் இருக்கட்டும். 'குவாந்தோ குவேஸ்தா' என்றால் என்ன விலை. அது ஒன்றைப் பாடமாக்கினால் போதும், மிச்சத்தை விரல்விட்டுக் காட்டுவார்கள்.