பிடிக்காத புத்தகத்தை ஏன் பாதியில் மூடி வைக்க முடிவதில்லை?

"பிடிக்கலைன்னா மூடி வைக்க வேண்டியதுதானே" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அந்த எரிச்சலில்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். மூடி வைத்தேன். இரண்டு முறை பீரோ மேலே தூக்கிப் போட்டேன், இரண்டு முறையும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன்.

எனக்கு அது ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. 2003இல் வந்த நாவல். பாலாவின் 'நான் கடவுள்' படத்தில் பிச்சைக்காரர்கள் வருகிற பகுதி இதை வைத்து எடுத்ததுதான் என்பதால், உடல் ஊனமுற்றவர்களைப் பிச்சைக்கு உட்கார வைத்துச் சம்பாதிக்கிற கதை என்று தெரிந்தேதான் எடுத்தேன். படத்தில் அடித்து நொறுக்க ஒரு ருத்ரன் வருவான். புத்தகத்தில் அப்படி யாரும் வரவில்லை. அந்தத் தொழிலை நடத்துகிற போத்திவேலுப் பண்டாரம் முருகனைக் கும்பிடுகிறார், பெண்களின் கல்யாணத்துக்கும் நகைக்கும் அலைகிறார், எல்லா அப்பாக்களையும் போலத்தான் கவலைப்படுகிறார். இன்னொரு பக்கம் மனுஷர்களை 'உருப்படி' என்று சொல்லி விலை பேசுகிறார். அந்த உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை பிள்ளை பெறுவதுகூட வியாபாரக் கணக்கில்தான் போகிறது. அந்த இடத்தில்தான் முதல் தடவை பீரோ மேலே போட்டேன். போதாததற்கு அந்த உருப்படிகள் தங்களுக்குள் அடிக்கிற நக்கலுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தும் தொலைத்தேன், அது இன்னும் கேவலமாக இருந்தது.

அப்புறம் ஏன் விடவில்லை என்றால், எங்களுக்குத் திண்டுக்கல். தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்போம். கிளம்பும் முன் அப்பா நூறு ரூபாயைச் சில்லறையாக மாற்றி என் கையில் கொடுப்பார், அடிவாரத்தில் வரிசையாகத் தட்டில் போட்டுக்கொண்டே போக வேண்டும், அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அங்கே இரண்டு காலும் இல்லாத ஒருவர் சக்கரப் பலகையில் உட்கார்ந்து என்னை "வாங்க மாப்ளே" என்பார். ஒரு வருஷம் மலையிறங்கி வரும்போது இருட்டிவிட்டது, ஆளும் இல்லை, பலகையும் இல்லை. "அவர் எப்படிப்பா வீட்டுக்குப் போவாரு?" என்று கேட்டேன். "யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்கடா" என்றார் அப்பா. முப்பது வருஷம் கழித்து, தூக்கிக்கொண்டு போகிறவர்களின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எப்படி மூடி வைப்பது?

உடனே பழனியைக் கேவலப்படுத்துகிறான் என்று யாரும் வர வேண்டாம். போன வருஷமும் காலில் கொப்புளத்தோடு நடந்தவன்தான் நான். அது நாவல், அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. குமரி மாவட்டப் பேச்சு புரியாமல் பாதியை வாய்விட்டுப் படித்துத்தான் புரிந்துகொண்டேன், அதனால் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் படித்தது வாடகை நூலகப் பிரதி. எனக்கு முன்னால் எடுத்த புண்ணியவான் ஓரமெல்லாம் நீல பால்பாயிண்ட் பேனாவில் 'சீ', 'ஆபாசம்', 'இதெல்லாம் தேவையா' என்று எழுதி வைத்திருந்தார். கடைசிப் பக்கம் வரைக்கும்! அவராலும் நிறுத்த முடியவில்லை பாருங்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கிறுக்கல் என் தலையில் விழுந்தது. என் கையெழுத்தை எழுதிக்கூடக் காட்டினேன், கடைக்காரர் நம்பவில்லை. முன்பணத்தில் இருநூறு ரூபாய் போனது போனதுதான். புத்தகத்தில் எழுதுகிறவர்கள் சொந்தமாக வாங்கி எழுதித் தொலைக்கலாமே.

இந்தத் தைப்பூசத்துக்கும் அப்பா சில்லறை மாற்றி வரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். அடிவாரத்தில் அவர் குனிந்து குனிந்து போட ஆரம்பித்ததும், மொட்டைக்குச் சீட்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்விட்டேன். அங்கே வரிசையே இல்லை.