‘முறை’ என்றால் எந்த முறை?

கேள்வி: நண்பர்கள் ஐவர் சேர்ந்து, மட்டக்களப்பு வாவியோரத்தைக் கதைக்களமாகக் கொண்டு, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டொன்றைத் தமிழில் எழுதியிருக்கின்றோம். “காயப்பட்டவர் ஒரு முறை ஆடக் கூடாது” என்ற விதியால் முதல் நாளே பிணக்கு வந்துவிட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது கட்டுரைக்கு அழகல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பின்பற்றியே விதிகளையும் எழுதினோம். தவறு எங்கே?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ‘என் முறை’, ‘மூன்று முறை உருட்டுக’, ‘சண்டையிடும் முறை’ என மூன்று பொருளில் ஒரே சொல் வருகின்றது. காயப்பட்டவர் தமக்கு அடுத்து வரும் வாய்ப்பை மட்டும் இழக்கின்றாரா, எல்லோரும் ஆடி முடியும்வரை ஒதுங்கியிருக்க வேண்டுமா என்பதை அந்த விதி சொல்லவில்லை. ஆகவே பிணக்குப்பட்ட இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒருவர் ஆடும் வேளையை மட்டும் ‘முறை’ என்றும், அனைவருடைய முறையும் முடிவதைச் ‘சுற்று’ என்றும், எண்ணிக்கையைத் ‘தடவை’ என்றும் வகுத்துக்கொண்டு, “காயப்பட்டவர் தமக்கு அடுத்து வரும் முறையை இழப்பார்” என்று எழுதிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் இருக்கின்றது. விளையாட்டை நடத்துபவருக்கு, கூத்தைப் பழக்கி நடத்துபவரைக் குறிக்கும் ‘அண்ணாவியார்’ என்ற பெயரைக் கூத்துக் களரியிலிருந்து எடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நான்காம் பக்கத்தில் அவரே ‘நடுவர்’ ஆகவும், ஏழாம் பக்கத்தில் ‘கதைநடத்துநர்’ ஆகவும் மாறும்போது, புதிதாக வாசிப்பவர் இன்னும் இருவரைத் தேடத் தொடங்குவார்.

பள்ளிக்கூடத்தில் படித்தது கட்டுரைக்குச் சரி. நன்னூல் ‘கூறியது கூறலை’ப் பத்துக் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்கின்றது, ஆனால் ‘மயங்க வைத்தல்’ என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றது. அது கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்’, அதாவது நூலாசிரியர் தாம் வகுத்த குறியீட்டையே பல இடங்களிலும் எடுத்தாளுதல், ஒன்றாகும். விதிநூலுக்கு வேண்டியது அந்த உத்தியே.

1974இல் வெளிவந்த, உங்களுடையதைப் போலவே பாத்திரமேற்று ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டும் இதில் இடறியது. பாத்திரத்தின் வளர்ச்சி, மந்திரத்தின் கடினம், நிலவறையின் ஆழம், அரக்கரின் வலிமை ஆகிய நான்கையும் அது ‘லெவல்’ என்ற ஒரே சொல்லால் குறித்தது. வெவ்வேறு சொற்களை வைக்க எண்ணியதாகவும், பழகிப்போன வழக்கு என்பதால் பழைய சொல்லையே விட்டுவிட்டதாகவும், அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் எழுதினார். உங்கள் விளையாட்டுக்கு இன்னும் ஐவர்தாம் பழகியிருக்கின்றார்கள். மாற்றுவதற்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

ஆங்கிலத்தில் வரையறுத்த சொல்லைப் பெரிய எழுத்தால் தொடங்கி அடையாளம் காட்டலாம். நமக்கு அந்த வசதி இல்லை. தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். ‘முறையை’, ‘முறைக்கு’ என்று வேற்றுமை உருபு சேரும் இடங்களிலும் முழுச்சொல்லையும் தடிப்பாக்குங்கள். சொற்பட்டியலை முதற்பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இன்று மாலையே ‘வரவு’ என்ற சொல்லையும் திருத்திவிடுங்கள்: பாத்திரம் களரிக்குள் நுழைவதற்கே அது இருக்கட்டும், மீன் விற்றுப் பெறும் காசை ‘வருமானம்’ என்றே எழுதலாம்.